போன வாரத்துச் சிவப்பு

எங்கள் தெருவில் சாக்கடையைப் பார்த்தே சாயக்காரர் வீட்டில் அன்று என்ன வேலை என்று சொல்லிவிடலாம். பச்சை ஓடினால் பள்ளிச் சீருடை. நீலம் ஓடினால் தொழிற்சாலைக்காரர்களின் சட்டைத் துணி. சிவப்பு ஓடினால் யாரோ ஒரு பெரிய வியாபாரி அவசரப்படுத்துகிறார் என்று அர்த்தம். நான் எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக என் மிஷினுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சாக்கடை ஒன்றுதான். அதைப் பார்த்து நான் முகம் சுளித்ததே இல்லை என்றால் அது பொய். ஆனால் வாய் திறந்து சொன்னதில்லை. அவர்கள் சாயம் ஏற்றிய துணியைத்தானே நானும் வெட்டித் தைக்கிறேன்.

சாயக்காரருக்குக் கை இரண்டும் மணிக்கட்டு வரை நீலம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கல்யாண போட்டோவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கட்டி இழுத்து வந்த மாப்பிள்ளை என்று நான் கேலி செய்வேன். அதிகம் பேசாத மனிதர். ஆனால் கண் அப்படிப்பட்ட கண். ஒரே தொட்டியில் முக்கியெடுத்த இரண்டு துணியைக் காட்டினால், எது காலையில் முக்கியது, எது மத்தியானம் முக்கியது என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மனைவியைத் தெருவே பெரியக்கா என்று கூப்பிடும். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டதில்லை. அடுப்பு மூட்டுவது, தொட்டி கலக்குவது, ஆளை அதட்டுவது எல்லாம் அவர்தான். துணி பிழிய வரும் மூன்று பெண்களும் அவர் கண்ணசைவுக்கு வேலை செய்வார்கள்.

போன வருஷம் தெருக்கோடிக் கிணற்றில் ஒரு நாள் காலையில் குடத்தை இறக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. பெரியக்காவே இறக்கிய குடம் அது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் தூக்கினார். தெருவில் நிமிர்ந்து நடப்பதை விட்டார்.

பிறகு சோதனை அதிகாரி வந்தார். வெயிலோ மழையோ குடை பிடித்தபடியே நடக்கும் மனிதர். நாங்கள் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்தோம். அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இரண்டு மாதம் அவகாசம், கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்துப் போவேன், அது தேறாவிட்டால் சாயப்பட்டறைக்குச் சீல் என்பதுதான் அதன் சாரம். சாயக்காரர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயத்தைக் கலக்கப் போய்விட்டார். பெரியக்கா தன் தங்கைக்குப் போன் செய்தார்.

சின்னவள் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஒரு வண்டி நிறைய மூட்டைகளோடு வந்து இறங்கினாள். உள்ளே பட்டாணி அளவில் வெளுத்த சாம்பல் நிற உருண்டைகள். சுட்ட களிமண், அதன் மேல் கரியும் ஒரு வெள்ளைப் பொடியும் சேர்ந்த பூச்சு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் கலக்கிற பொடிதானாம் அது. கரி சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயில் பட்டால் வெள்ளைப் பொடி அதை உடைத்துப் போடும், இரண்டும் ஒட்டி நின்றால்தான் வேலை நடக்கும் என்று அவள் விளக்கினாள். கல்லூரியில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் அவள் அதைச் செய்து பார்த்ததில்லை. அதை மறைக்காமல் சொன்னாள்.

மொட்டை மாடி முழுக்க நாலு விரல் ஆழத்தில் சிமென்ட் தொட்டிகள் கட்டினார்கள். கழிவுநீரை மேலே ஏற்றி, உருண்டைகளின் மேல் மெல்லியதாக நிற்கவிட்டு, சாயங்காலம் வடித்து விடுவது ஏற்பாடு. முதல் நாளே சிவப்புத் தண்ணீர் மாலைக்குள் தெளிந்துவிட்டது. மறுநாளும். சாக்கடை நிறமில்லாமல் ஓடியதைப் பார்த்து நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். பெரியக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் காலை சாயக்காரர் ஒரு பெரிய தார்ப்பாயோடு வந்து, ஓரம் பிரிகிறது, மடித்து அடித்துக் கொடு என்றார். ஊசி இரண்டு உடைந்தது. எதற்கு என்று கேட்டேன். மாடிக்கு என்றார். சாயக்காரர்கள் வீட்டில் எதையும் மூடித்தான் வைப்பார்கள். சாயத்துக்கு வெயில் ஆகாது. துணி காய்வதும் நிழலில்தான், அதற்காகவே மாடியின் மேற்குப் பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை இருந்தது. அதனால் தினமும் பத்து மணிக்கு அவர் தொட்டிகள் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதையும் மூன்று மணிக்கு அவிழ்ப்பதையும் என் நாற்காலியில் இருந்தே பார்த்தேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சின்னவள் எட்டு மணிக்குக் கல்லூரிக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவாள். பெரியக்கா கீழே அடுப்பை விட்டு நகர மாட்டார்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசி வாரத் திங்கட்கிழமை நீலத்துக்கு மாறினார்கள். மேலே ஏற்றியது சுத்தமான நீலத் தண்ணீர். மாலையில் வடித்தபோது ஊதாவாக வந்தது.

பெரியக்கா ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். துணி பிழியும் பெண்களில் ஒருத்தி சிவப்புத் தொட்டியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பாளோ என்று பேச்சு வந்தது. சாயக்காரர் கிண்ணத்தை வாங்கி ஒரு முறை சாய்த்துப் பார்த்தார்.

"இது தொட்டியில ஒட்டுனது இல்ல. போன வாரத்துச் சிவப்பு. கடைசி நாள் போட்டோமே, கொஞ்சம் மஞ்சள் கலந்து, அது."

அப்படியானால் மூன்று வாரமாகப் போன சாயம் எதுவும் போகவே இல்லை. உருண்டைக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. இடம் நிறைந்ததும் வெளியே வருகிறது. சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பு தன்னுடையதுதான், வாளித் தண்ணீரை நம்பி அக்காவின் குடும்பத்தை இழுத்துவிட்டேன், அதிகாரியிடம் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாயக்காரர் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சின்னவள் என் கடைக்கு வந்து, மூட்டைகளின் வாயைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். உருண்டைகளைத் திரும்ப எடுத்துப் போகிறாளாம். கண் வீங்கியிருந்தது. ஏம்மா இப்படி ஆச்சு என்று பேச்சுக்குக் கேட்டேன். அவளும் பேச்சுக்குத்தான் பதில் சொன்னாள். வெயிலே படாமல் இருட்டில் வைத்தால்தான் இப்படி ஆகும், கரி மட்டும் வேலை செய்யும், பொடி சும்மா இருக்கும், ஆனால் மொட்டை மாடியில் அதற்கு வழியே இல்லையே, அதுதான் புரியவில்லை என்றாள்.

என் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. உடைந்த இரண்டு ஊசிகளும் ஞாபகத்துக்கு வந்தன. அவளை உட்காரச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

சாயக்காரர் ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். பெரியக்காவும் சின்னவளும் கூடத்துக்கு வந்தார்கள். நான் வாசலோடு நின்றேன். போய்விட்டிருக்க வேண்டும், போகவில்லை.

"பாப்பா, உன் சரக்கு மேல தப்பு இல்ல. மூணு வாரமா பத்து மணிக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடுனது நான்."

சின்னவள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சூடு ஏறுனா சாயம் இறுகிப் புடிச்சுக்கும். துணியில அப்படித்தான். உருண்டையிலயும் புடிச்சுக்கிட்டா அப்புறம் கழுவ முடியாதேன்னு பயந்தேன். நீ வெயில் வேணும்னு சொன்ன, நான் இல்லேன்னு சொல்லல. காலை வெயில், சாயங்கால வெயில் போதும்னு நானா நெனச்சுக்கிட்டேன். தண்ணியும் தெளிஞ்சுதா, சரியாத்தான் பண்றோம்னு இருந்துட்டேன்."

"நேத்தே தெரியுமா மாமா?"

"கிண்ணத்தைப் பாத்தப்பவே தெரியும். நீ அழுத. அப்பவும் வாய் வரல."

முப்பது வருஷம் செய்த வேலையே ஒருவனைக் கவிழ்த்துவிடும் என்றால் அவன் எங்கே போய் நிற்பான். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெரியக்கா புருஷனைப் பார்க்கவே இல்லை. தங்கையிடம்தான் கேட்டார்.

"உள்ள புடிச்சு வெச்சிருக்கிற சாயத்தை இப்ப வெயில்ல வெச்சா உடைக்குமா?"

"உடைக்கும் அக்கா. ஆனா தொட்டியில குவிச்சு வெச்சா மேல இருக்கிறது மட்டும்தான் வெயிலைப் பாக்கும். ஒத்தை வரிசையாப் பரப்பணும், ஈரம் காயாம தெளிக்கணும், புரட்டி விடணும். நம்ம மாடியில அஞ்சுல ஒரு பங்குதான் அடங்கும். மூணு நாள்தான் இருக்கு."

"தெருவுல எத்தனை மாடி இருக்கு?" என்று பெரியக்கா என்னைக் கேட்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "உங்களைத் திட்டுறதுக்கு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நேரம் இருக்கு. இப்ப மூட்டையைத் தூக்குங்க."

அன்று சாய அடுப்பு அணைக்கப்பட்டது. பெரியக்கா வீடு வீடாகப் போனார், நான் கூடப் போனேன். என் மாடி முதலில். ஓய்வு பெற்ற தபால்காரர் தன் மாடியில் துணி காயப்போட இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். கிணற்றுக்குப் பக்கத்து வீட்டம்மாவின் மாடிதான் தெருவிலேயே பெரியது. அவர் கதவைப் பாதி திறந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"கிணறு கெட்டுப்போனப்ப ஒரு வார்த்தை சொல்ல வரலியே நீ."

"வந்திருக்கணும்க்கா," என்றார் பெரியக்கா. "வெக்கமா இருந்துச்சு. இப்பவும் சீலுக்குப் பயந்து மட்டும் வரல. அந்தக் கிணத்துல இருக்கிறது என் தொட்டித் தண்ணி. இன்னொரு தடவை என்னால அப்படி ஒரு குடத்தைத் தூக்க முடியாது."

வீட்டம்மா மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, படியில் வழுக்கும், பார்த்துப் போங்க என்று உள்ளே போனார்.

இதற்குப் பிறகு நடந்தது மூன்று நாள் கூலி வேலை. ஏழு மாடிகளில் ஒற்றை வரிசையாக உருண்டைகள். கால் மணிக்கு ஒரு தரம் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். விளக்குமாறு வைத்துத் தள்ளினால் பூச்சு உரியும் என்று சின்னவள் தடுத்துவிட்டதால் உள்ளங்கையால்தான் புரட்டினோம். மத்தியானத் தரை காலைப் பொரித்தது. துணி பிழியும் பெண்கள் மூவரும் காலில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் குள்ளமானவள், தொட்டியிலாவது நிழல் இருக்கும், இதற்குத் துணியே பிழியலாம் என்று நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டே எல்லோரையும்விட அதிகம் புரட்டினாள். ரொட்டியும் அவித்த முட்டையும் மாடிக்கே வந்தன, ஒரு கையால் தின்றோம். என் கடையில் மூன்று சட்டைகள் கை இல்லாமல் தொங்கின. கேட்டு வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னேன், மறுநாளும் அதையே சொன்னேன்.

ஊதா மெல்ல வெளுத்தது. எது முழுக்க வெளுத்தது, எதில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாயக்காரருக்குத் தெரிந்தது. குனிந்தபடியே வரிசை வரிசையாக நகர்ந்து, இது ஆச்சு, இது இன்னும் ஆகவில்லை என்று பிரித்துப் போட்டார். அந்த மூன்று நாளும் அவர் நிழலில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு மாடியிலும் ஆட்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். பெரியக்கா மட்டும், வானத்தைப் பாத்தா வெயில் வராது, கையைப் பாருங்க என்று சத்தம் போட்டார். நாலு மணிக்கு மேகம் விலகியது.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே சாய அடுப்பை மறுபடி மூட்டினார்கள், எட்டு மணிக்கு உருண்டைகள் தொட்டிக்குத் திரும்பின. நீலத் தண்ணீர் ஏறியது. தார்ப்பாய் என் கடை மூலையில் கிடந்தது, சின்னவளே அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது பதினோரு மணிக்கே குடைக்காரர் வந்து நின்றார். சாயங்காலம் வேறு இடத்தில் வேலையாம், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார்.

தொட்டியில் தண்ணீர் இன்னும் நன்றாகவே நீலமாக இருந்தது. பெரியக்காவைத் தனியே இழுத்து, கரிதான் இப்போது காலியாக இருக்கிறதே, தார்ப்பாயைப் போட்டால் சூடு தணிந்து சாயத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமே, அவரை ஒரு மணி நேரம் பேச்சில் நிறுத்தினால் தண்ணீர் தெளிந்துவிடுமே என்று காதோடு சொன்னேன். அவர் பார்த்த பார்வையில் நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன்.

"சார், காகிதத்துல நாலு மணின்னு எழுதியிருக்கு," என்றார் அதிகாரியிடம். "இது வெயில்ல நடக்கிற வேலை. அவசரப்படுத்த முடியாது. நாலு மணிக்கு எடுத்துக்குங்க, தேறலைன்னா சீல் வைக்க நானே கதவைச் சாத்தித் தர்றேன். அதுவரைக்கும் இருங்க, சாப்பாடு போடறேன்."

குடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். யாருக்கோ போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, சாப்பாடு வேண்டாம், ஒரு டீ போதும் என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு தொட்டியோரமாக நின்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தவரிடம் பெரியக்கா மறுபடியும் போனார்.

"சார், குடை நிழல் விழுது."

அவர் குடையை மடக்கினார். அந்த மனிதருக்கு வழுக்கை என்பது எங்கள் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு வேறொரு சிக்கல் வந்தது. மேற்குப் பக்கக் கொட்டகையின் நிழல் நீண்டு தொட்டிகள் மேல் ஏறத் தொடங்கியது. முதல் வரிசை நிழலுக்குள் போய்விட்டது, அடுத்ததும் போகப்போகிறது. மூன்று வாரமும் அந்த நேரத்தில் தார்ப்பாய் மூடியிருந்தது, மூன்று மணிக்கு அவிழ்த்த பிறகு நிழலை யாரும் கவனித்ததும் இல்லை. சாயக்காரர் கீழே போய் சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துவந்தார். கொட்டகைத் தூணைப் பிடித்து ஏறி முதல் தகரத்தின் ஆணியைப் பிடுங்கினார். உள்ளே தொழிற்சாலைக்காரர்களின் நீலத் துணி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவி எடுக்க ஓடிய பெண்களிடம், முதலில் தகரத்தைப் பிடிங்க, துணி வெளுத்தால் மறுபடி முக்கிக்கலாம் என்றார். சாயக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பதினாலு தகரம். அவரே அடித்து ஏற்றிய கூரை. நான் கீழே நின்று வாங்கி வைத்தேன். கடைசித் தகரம் இறங்கியபோது அவருடைய நீலக் கை இரண்டிலும் ரத்தம்.

நாலு மணிக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. குடைக்காரர் பாட்டிலை நிரப்பி, மூடி, சீட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்கினார். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். மூன்று வாரமும் எங்கள் கண் எங்களுக்குச் செய்த துரோகத்தை நினைத்துக்கொண்டு நாங்கள் தலையாட்டினோம்.

"ஒரு அரை மணி நேரம் இருங்க சார்," என்றார் சாயக்காரர்.

ஏற்றிய சாயம் துணியில் நிற்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழி உண்டு. ஒரு துண்டு வெட்டி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் மூடிக் கொதிக்கவிடுவார்கள். உள்ளே பிடிக்காமல் ஒளிந்திருக்கும் சாயமெல்லாம் அதில் இறங்கிவிடும். எந்தத் துணியும் அதனிடம் பொய் சொல்ல முடியாது. சாயக்காரர் எல்லாத் தொட்டிகளிலிருந்தும், நிழல் விழுந்த முதல் வரிசையிலிருந்தும்கூட, ஒவ்வொரு பிடி உருண்டை எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டார். சோடா உப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினார்.

சின்னவள் அடுப்புக்குக் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் மாமா. அவர்தான் பாட்டில் எடுத்துட்டாரே. எதுக்கு இப்போ அவர் முன்னாடி?"

"அவருக்காக இல்ல பாப்பா. எனக்குத் தெரியணும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். "கொதிக்கட்டும்," என்றார் பெரியக்கா.

சாயக்காரர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். மூன்று பெண்களும் கதவோரம் நின்றார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அரை மணி கழித்து அவர் மூடியைத் தூக்கி, தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்தார். ஆவி அடங்கும் வரை காத்திருந்தார். சாய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைச் சின்னவளிடம் நீட்டினார்.

"நீ பாத்துச் சொல்லு. என் கண்ணை நான் இப்ப நம்பல."

அவள் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் வைத்துக் குனிந்து பார்த்தாள். குடைக்காரரும் கூடவே குனிந்தார்.

"தண்ணிதான் மாமா," என்றாள். "வேற ஒண்ணுமே இல்ல."

தான் கலந்த சாயம் அழிந்துபோனதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நீலக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். பெரியக்கா பக்கத்தில் போய் நின்று அவர் தலையில் கை வைத்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவரைத் தொட்டது அப்போதுதான்.

"சரி, எந்திரிங்க," என்றார். "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்துடும். அதுக்குள்ள தொட்டியை ரொப்பணும்."